சபை அளந்த தெருக்கள்: சால்ட் லேக் சிட்டி பற்றி வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத் தலைநகர் சால்ட் லேக் சிட்டி. பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை, பொது வழக்கில் மார்மன் சபை, 1847இல் நிறுவிய ஊர். சபையின் தலைமையகமும் பேராலயமும் இன்றும் நகர மையத்தில்தான் இருக்கின்றன. அந்த மையத்தின் மீது சபைக்கு உள்ள பிடி குறித்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

என் மகள் அங்கே வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். '350 சவுத், 200 ஈஸ்ட்' என்று முகவரி அனுப்பியிருக்கிறாள். தெருப் பெயரையே காணோமே?
— வாசகி, நாகர்கோவில்

தெருப் பெயர் அதிலேயே இருக்கிறது. '200 ஈஸ்ட்' என்பது தெரு; '350 சவுத்' அந்தத் தெருவில் கதவு எண். இரண்டும் ஒரே மூலையிலிருந்து எண்ணப்படுகின்றன. டெம்பிள் ஸ்கொயர் எனப்படும் ஆலய வளாகத்தின் தென்கிழக்கு மூலை அது. 1847 ஜூலை 24 அன்று சபையை வழிநடத்திய பிரிகாம் யங் தன் மக்களோடு அந்தப் பள்ளத்தாக்குக்கு வந்து சேர்ந்தார். நான்கே நாளில் ஆலயத்துக்கு இடம் குறித்தார். அடுத்த சில நாட்களில் சபையின் முன்னணியினரில் ஒருவரான ஆர்சன் பிராட் அந்த மூலையை ஆதாரமாக வைத்து நகரை அளக்கத் தொடங்கிவிட்டார். வெட்டவெளியில் முதலில் முடிவானது ஆலயத்தின் இடம். மற்ற எல்லாம் அதிலிருந்து அளந்தவை.

மூலையில் நின்று கிழக்கே ஒரு பிளாக் (நான்கு தெருக்களுக்கு நடுவே உள்ள சதுர மனைத் தொகுதி) போனால் 100 ஈஸ்ட் வரும். அதை ஸ்டேட் ஸ்ட்ரீட் என்பார்கள். இன்னொரு பிளாக் தாண்டினால் 200 ஈஸ்ட். அங்கே தெற்கே திரும்பி மூன்றரை பிளாக் நடந்தால் உங்கள் மகளின் வாசல். ஒரு பிளாக்கும் அதை அடுத்த தெருவும் சேர்ந்து 792 அடி, கிட்டத்தட்ட 241 மீட்டர். ஆக மொத்தம் ஐந்தரை பிளாக், 1.3 கிலோமீட்டர். இந்தக் கணக்கில் 20 பிளாக் மிகச் சரியாக 3 மைல்.

எண்களை மாற்றி எழுதினால் ஆபத்து. '200 சவுத், 350 ஈஸ்ட்' என்று போட்டுவிட்டால் அது முக்கால் கிலோமீட்டர் தள்ளி வேறொரு வாசல். ஊர்ப் பெயரை விட்டாலும் குழப்பம்தான். யூட்டாவின் பல ஊர்கள் இதே முறையில், ஆனால் தத்தம் மையப் புள்ளியிலிருந்து எண்ணுகின்றன. ப்ரோவோவிலும் ஒரு 200 ஈஸ்ட் உண்டு. இன்னொன்று, உள்ளூர்க்காரர் '300 சவுத்' தெருவைப் பேச்சில் 'தேர்டு சவுத்' என்பார். இரண்டும் ஒன்றே. வடகிழக்கு மேட்டில் உள்ள 'அவென்யூஸ்' பகுதியில் மட்டும் பிளாக்குகள் சிறியவை, பெயர் வைக்கும் முறையும் வேறு.

அந்த ஊர்த் தெருக்கள் மிக அகலம் என்கிறார்கள். நகரமைப்பு மாணவன் நான். அது நல்லதா, கெட்டதா?
— வாசகர், கோயம்புத்தூர்

முதலில் அளவு. நில அளவைச் சங்கிலி ஒன்று 66 அடி. தெரு 2 சங்கிலி, அதாவது 132 அடி. பிளாக்கின் ஒரு பக்கம் 10 சங்கிலி, 660 அடி. பரப்பு மிகச் சரியாக 10 ஏக்கர். ஒவ்வொரு பிளாக்கும் ஒன்றேகால் ஏக்கர் வீதம் எட்டு மனைகள். தெருவின் இரு பக்கமும் 20 அடி நடைபாதை, அதற்கப்பால் இன்னும் 20 அடி உள்ளே தள்ளி வீடு. சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் 1833இல் வரைந்த 'சீயோன் நகர்' வரைபடம்தான் இதற்கு மூலம். மாட்டுவண்டி ஒரே வீச்சில் திரும்ப வேண்டும் என்றுதான் இத்தனை அகலம் வைத்தார்கள் என்று ஊரில் சொல்வார்கள். ஆனால் அந்த வரைபடத்திலேயே பிரதானத் தெருக்கள் 132 அடிதான்.

இது கடைத்தெருவுக்குப் போட்ட திட்டம் அல்ல. வீட்டைச் சுற்றித் தோட்டம், பழமரம், தெருவோரம் ஓடையிலிருந்து வரும் வாய்க்கால் என்று ஒரு விவசாயக் குடியிருப்புக்குப் போட்டது. அதே சட்டத்துக்குள் பின்னாளில் வங்கியும் அலுவலகமும் வந்து உட்கார்ந்ததில்தான் சிக்கல். 660 அடி நீளத்துக்குக் குறுக்குத் தெரு இல்லை. பிளாக்கின் ஓரம் மட்டும் கடையாகி, நடுவயிறு நெடுங்காலம் கொட்டகையும் வண்டி நிறுத்தமுமாகக் கிடந்தது. நடைபாதை போக வண்டி ஓடும் அகலம் மட்டும் 92 அடி. நொடிக்கு 3.5 அடி என்பது அமெரிக்க சிக்னல் கணக்கு. அந்த வேகத்தில் கடக்க 26 நொடி. முதியவர் நொடிக்கு 3 அடி நடந்தால் 31 நொடி. சிக்னல் இல்லாத சில கடவைகளில் கையில் பிடித்துக்கொண்டு கடக்க ஆரஞ்சு நிறக் கொடிகளைக் கம்பத்தில் செருகி வைத்திருப்பது இதனால்தான்.

நன்மையும் உண்டு. 1999இல் ட்ராக்ஸ் என்ற மின்ரயிலைத் தெருவின் நடுவிலேயே ஓட்டினார்கள்; கட்டடம் இடித்துத் தெருவை அகலப்படுத்த வேண்டிய அவசியமே வரவில்லை. பின்னர் சைக்கிள் பாதைக்கும் அதே அகலம் கைகொடுத்தது. 1983 மே மாதம் பனி உருகிச் சிட்டி க்ரீக் ஓடை பெருக்கெடுத்தபோது, நார்த் டெம்பிள் தெருவுக்கு அடியில் மூடிப் புதைத்திருந்த கால்வாய் குப்பையும் மரக்கட்டையும் அடைத்து வேலை செய்யவில்லை. ஸ்டேட் ஸ்ட்ரீட்டின் இரு பக்கமும் மணல் மூட்டை அடுக்கி, தெருவையே ஆறாக்கித் தண்ணீரைத் தெற்கே ஓட்டினார்கள். மேலே மரப்பாலம் போட்டார்கள். ஞாயிறு ஆராதனையை விட்டுவிட்டு மூட்டை கட்ட வந்த சபையார் ஆயிரக்கணக்கானோர். அகலமான தெருவும், ஒரு சொல்லுக்குத் திரளும் சபையும் ஒரே ஊரில் இருந்ததால் நகர மையம் தப்பியது.

எங்கள் கருத்து: அகலத்தைவிட பிளாக்கின் நீளம்தான் பெரிய குறை. தெருவில் மரமும் ரயிலும் வைத்து அகலத்தைச் சமாளிக்கலாம். பிளாக்கின் நடுவே நடைவழி திறக்க நிலம் வைத்திருப்பவர் மனம் வைக்க வேண்டும்.

சபை கடையும் நடத்தியதாமே? மற்ற மதத்து வியாபாரிகள் எப்படிப் பிழைத்தார்கள்?
— வாசகர், விருதுநகர்

நடத்தியது. ரயில் வந்தால் வெளியூர்ச் சரக்கும் வெளியூர் வியாபாரியும் வந்து குவிவார்கள் என்று தெரிந்து, 1868இல் இசட்.சி.எம்.ஐ. என்ற கூட்டுறவு வணிக நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 1869 மார்ச்சில் கடை திறந்தது. மே 10 அன்று கண்டம் கடக்கும் ரயில் பாதை யூட்டாவிலேயே இணைந்தது. 1870 ஜனவரியில் கிளைப் பாதை நகருக்கு வந்தது. சபையார் சபைக் கடையில்தான் வாங்க வேண்டும் என்பது மேடையிலிருந்து வந்த கட்டளை. வாக்கர் சகோதரர்கள், ஆவர்பாக் போன்ற கடைக்காரர்களுக்கு அது பலமான அடி. சுரங்கப் பணமும் ரயிலும்தான் அவர்களைத் தூக்கி நிறுத்தின.

அந்தப் போட்டியின் தடத்தை மெயின் ஸ்ட்ரீட்டில் நடந்தே பார்க்கலாம். வடக்கு முனையில் ஆலயம், இசட்.சி.எம்.ஐ., 1911இல் திறந்த ஹோட்டல் யூட்டா. நான்கு பிளாக் தெற்கே, சபை சாராத சுரங்க முதலாளி சாமுவேல் நியூஹவுஸ் 'எக்ஸ்சேஞ்ச் பிளேஸ்' என்று இன்னொரு மையம் எழுப்ப முனைந்தார். பாஸ்டன், நியூஹவுஸ் என்ற இரட்டைக் கட்டடங்கள் அப்போது வந்தவை. 1894இல் முடிந்த நகராட்சிக் கட்டடமும் தெற்கில்தான். நியூஹவுஸின் பணம் தீர்ந்தது, தெற்கு மையம் பாதியில் நின்றது. வடக்கே சபையின் பணம் தலைமுறை தலைமுறையாகத் தீரவில்லை. இரண்டுக்கும் வேறுபாடு அவ்வளவுதான்.

இசட்.சி.எம்.ஐ. கடையின் வார்ப்பிரும்பு முகப்பு 1876இல் தொடங்கியது. 1970களில் பழைய கட்டடத்தை இடித்து உள்ளரங்கு மால் கட்டியபோதும் அந்த முகப்பைக் கழற்றிப் பத்திரப்படுத்தி மறுபடி பொருத்தினார்கள். கடையை 1999இல் சபை விற்றுவிட்டது. முகப்பு இன்று மெயின் ஸ்ட்ரீட்டில் மேசிஸ் கடைக்கு முன்னால் நிற்கிறது. கிட்டே போய்த் தூணைத் தட்டிப் பாருங்கள், கல் மாதிரித் தெரிவது இரும்பு.

பொதுத் தெருவையே ஒரு சபைக்கு விற்றார்கள் என்று படித்தேன். சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறதா?
— வழக்கறிஞர், மதுரை

கொடுத்தது, ஆனால் ஆறு வருடச் சண்டைக்குப் பிறகு. மெயின் ஸ்ட்ரீட்டில் நார்த் டெம்பிள், சவுத் டெம்பிள் என்ற தெருக்களுக்கு இடைப்பட்ட ஒரே ஒரு பிளாக். மேற்கே ஆலயம், கிழக்கே சபை அலுவலகங்கள். 1999இல் நகராட்சி அதைச் சுமார் 81 லட்சம் டாலருக்குச் சபைக்கு விற்றது. அடியில் வண்டி நிறுத்தம், மேலே பூச்செடியும் நீர்த்தடாகமுமாக முற்றம். 2000 அக்டோபரில் திறந்தார்கள்.

விற்பனைப் பத்திரத்தில் ஒரு நிபந்தனை இருந்தது: பொதுமக்கள் நடந்து போகும் உரிமை நகராட்சியிடமே இருக்கும். அதே பத்திரத்தில் இன்னொரு நிபந்தனை: அங்கே பொதுக்கூட்டம், துண்டுப் பிரசுரம், புகைப்பது போன்றவற்றைச் சபை தடுக்கலாம். ஒப்பந்தம் உடைந்தது இந்த இரண்டும் மோதிய இடத்தில். பொதுமக்கள் நடக்கும் வழி பொதுவழி என்றால் அதில் பேச்சுரிமையும் உண்டு. அதை எழுதி வாங்கிப் பறிக்க முடியாது என்று வழக்குப் போட்டார்கள். 2002 அக்டோபரில் பத்தாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் வழக்குத் தொடுத்தவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

நகராட்சிக்கு அப்போது இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, நடைவழி உரிமையை வைத்துக்கொண்டு பேச்சையும் அனுமதிப்பது. மற்றது, உரிமையையே விட்டுவிடுவது. 2003இல் இரண்டாவதைத் தேர்ந்தார்கள். மேற்குப் பகுதியிலுள்ள க்ளெண்டேலில் சுமார் இரண்டு ஏக்கர் நிலமும் சமூகக் கூடத்துக்கான நிதியுதவியும் ஈடாக வந்தன. அதை எதிர்த்த வழக்கு 2005இல் தோற்றது. முற்றம் இன்று முழுத் தனியார் இடம். 2009 ஜூலையில் அங்கே முத்தமிட்டுக்கொண்ட இரு ஆண்களைச் சபைக் காவலர்கள் பிடித்து அத்துமீறல் புகார் கொடுத்தது நாடு முழுக்கச் செய்தியானது. நகராட்சி வழக்கை நடத்தவில்லை.

முற்றம் அழகாகப் பராமரிக்கப்படுகிறது. பகலில் யாரும் தாராளமாக நடந்து போகலாம். ஆனாலும் நகராட்சி அதை விற்றிருக்கக் கூடாது என்பது எங்கள் உறுதியான எண்ணம். ஒரு நகரின் பிரதானத் தெருவில் நடப்பவர் வீட்டுக்காரரின் தயவில் நடப்பவராக ஆகிவிட்டார். வேறு வழி இருந்தது: நிலத்தடி உரிமையை மட்டும் நீண்ட குத்தகைக்குக் கொடுத்து, மேல்தளத்தைத் தெருவாகவே வைத்து, வண்டிகளை மட்டும் நிறுத்தியிருக்கலாம். உங்கள் கட்சிக்காரர் யாருக்காவது இப்படி ஒரு பத்திரம் எழுத நேர்ந்தால், தரைமட்டம், நிலத்தடி, வான்வெளி மூன்றையும் தனித்தனிச் சொத்தாகப் பிரித்து எழுதுங்கள். நடைவழி உரிமையும் நடத்தை விதிகளும் ஒன்றையொன்று வெட்டுகின்றனவா என்று வரிக்கு வரி பாருங்கள்.

சபை தசமபாகப் பணத்தில் மால் கட்டியதாகக் குற்றச்சாட்டு உண்டே?
— வாசகர், தூத்துக்குடி

அந்த மாலின் பெயர் சிட்டி க்ரீக் சென்டர். அதற்கு முன்பு மெயின் ஸ்ட்ரீட்டின் இருபுறமும் இரண்டு மால்கள் எதிரெதிரே இருந்தன. 2001இல் மேற்கே பழைய ரயில் நிலையத்தை ஒட்டி 'கேட்வே' என்ற புதிய கடைத்தொகுதி திறந்ததும் கடைகள் ஒவ்வொன்றாக நகர ஆரம்பித்தன. ஆலயத்துக்கு எதிரிலேயே கடைத்தெரு காலியாவதைச் சபை பார்த்துக்கொண்டிருக்க விரும்பவில்லை. இரண்டாவது மாலையும் 2003இல் வாங்கி, இரண்டையும் இடித்து, புதிதாகக் கட்டி 2012 மார்ச் 22 அன்று திறந்தது. சுமார் 7 லட்சம் சதுர அடி கடை, 500க்கும் மேற்பட்ட வீடுகள், அடியில் 5,000க்கும் மேற்பட்ட வண்டிகள் நிற்க இடம், திறந்து மூடும் கண்ணாடிக் கூரை. 2008 பொருளாதார நெருக்கடியில் அமெரிக்க நகரங்களில் கிரேன்கள் நின்றபோது இங்கே வேலை நிற்கவில்லை. காரணம், வங்கிக் கடனை நம்பாமல் கையிருப்பில் கட்டினார்கள்.

பணம் எங்கிருந்து? தசமபாகம், அதாவது உறுப்பினர் தம் வருமானத்தில் பத்தில் ஒன்றாகத் தரும் காணிக்கை, பயன்படாது என்று அன்றைய சபைத் தலைவர் கார்டன் ஹிங்க்லி 2003இல் அறிவித்தார். பின்னர் தெரியவந்தது இது: ஆண்டு வருமானத்தில் ஒதுக்கி வைத்த தொகையை என்சைன் பீக் என்ற சபையின் முதலீட்டு நிறுவனம் வளர்க்கிறது, அந்த முதலீட்டில் கிடைத்த லாபத்திலிருந்து சுமார் 140 கோடி டாலர் இந்தத் திட்டத்துக்குப் போனது. ஏமாற்றப்பட்டதாக முன்னாள் உறுப்பினர் ஒருவர் 2021இல் தொடுத்த வழக்கில், லாபம் வேறு, காணிக்கை வேறு என்று சபை முன்பே சொல்லியிருக்கிறது என 2025 ஜனவரியில் ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் விரிவான அமர்வு சபைக்குச் சாதகமாகத் தீர்த்தது. அதற்கு முன், 2023இல், பங்கு முதலீட்டு விவரங்களைச் சரியாக வெளியிடாததற்காகச் சபையும் என்சைன் பீக்கும் சேர்ந்து 50 லட்சம் டாலர் அபராதம் கட்டின. அது வேறு விவகாரம். இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. வரியைப் பொறுத்தவரை, ஆலய வளாகத்துக்கு விலக்கு. மால், அலுவலகக் கட்டடம் போன்ற வணிகச் சொத்துக்கு வரி உண்டு.

பணத்தைவிட வடிவம்தான் எங்களுக்கு உறுத்துகிறது. வண்டியை நிலத்தடியில் விட்டு, மின்படியில் ஏறி, கடை பார்த்து, மெயின் ஸ்ட்ரீட்டைக் கால் படாமல் மேம்பாலத்தில் கடந்து வீட்டுக்குப் போய்விடலாம். தெருவுக்கு மேல் பாலம் கூடாது என்பது நகரின் சொந்தக் கொள்கை. நீண்ட வாதத்துக்குப் பிறகு இதற்காகத் தளர்த்தினார்கள். ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் என்பதால் மால் மூடியிருக்கும். வார இறுதியின் இரு நாட்களில் ஒன்றை இழப்பது அக்கம்பக்கத்துச் சிறுகடைகளுக்கும் நஷ்டம். ஆனால் அந்த மால் வந்திருக்காவிட்டால் அந்த இரண்டு பிளாக்கும் காலி மனையாகக் கிடந்திருக்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும். வேறு எந்த முதலாளியும் அந்த வருடங்களில் அங்கே பணம் போட்டிருக்க மாட்டார்.

அங்கே எல்லாமே சபையுடையதுதானா?
— வாசகர், யாழ்ப்பாணம்

இல்லை, ஆனால் வடக்குப் பாதியில் பெரும்பங்கு அதனுடையது. 28 மாடிச் சபை அலுவலகம், 21,000 பேர் அமரும் மாநாட்டு மண்டபம், மால், அலுவலகக் கோபுரங்கள். 2016இல் சபையின் நில நிறுவனம் கட்டிய '111 மெயின்' என்ற 24 மாடிக் கோபுரத்தைப் பாருங்கள். பக்கத்து மனையில் நகரின் எக்கிள்ஸ் நாடக அரங்கம். கோபுரத்தின் தென்பகுதி அரங்கத்துக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கிறது; அங்கே தூண் இறக்க இடமில்லை. அதனால் ஓரத் தூண்களை உச்சியில் உள்ள இரும்புச் சட்டத்திலிருந்து கீழே தொங்கவிட்டு, மொத்த எடையையும் கட்டடத்தின் நடுவே நிற்கும் உறுதியான கருப்பகுதியின் வழியாக இறக்கினார்கள்.

பிடி தளர்கிறது என்றும் சொல்லலாம். 2018 கணக்கில் சால்ட் லேக் மாவட்ட மக்களில் சபை உறுப்பினர் பாதிக்கும் கீழே வந்துவிட்டனர். இப்போது மையத்தின் மேற்குப் பக்கத்தை மாற்றும் பெரிய சக்தி விளையாட்டு அரங்கம்: 2024இல் ஐஸ் ஹாக்கி அணி வந்தது, அரங்கச் சுற்றுப்புறத்துக்காக நகர விற்பனை வரி அரை சதவீதம் உயர்ந்தது.

ஆலயத்தை எத்தனை வருடமாகப் பழுது பார்க்கிறார்கள்? அடுத்த வருடங்களில் போனால் உள்ளே விடுவார்களா?
— வாசகி, திருச்சி

2019 டிசம்பர் 29 அன்று மூடினார்கள். 1853இல் அடிக்கல் நாட்டி, 32 கிலோமீட்டர் தொலைவிலுள்ள லிட்டில் காட்டன்வுட் பள்ளத்தாக்கிலிருந்து கல் கொண்டுவந்து, 40 வருடம் கட்டி, 1893 ஏப்ரல் 6 அன்று பிரதிஷ்டை செய்த கட்டடம் அது. ஊருக்கு அடியில் வாசாட்ச் நிலப்பிளவு ஓடுகிறது. வலுவூட்டாத கல்சுவர் பாரம் தாங்கும், பக்கவாட்டு அசைவைத் தாங்காது. மூடிய மூன்றே மாதத்தில், 2020 மார்ச் 18 அன்று, 5.7 அளவு நிலநடுக்கம் வந்து உச்சியில் நின்ற மொரோனி தூதன் சிலையின் கையிலிருந்த எக்காளம் விழுந்தது.

வேலை முறை இது. சுற்றிலும் பள்ளம் தோண்டி மண்ணைக் கட்டுவார்கள். பழைய அஸ்திவாரத்துக்குக் கீழே பெரிய எஃகுக் குழாய்களைக் கிடைமட்டமாகத் தள்ளிக் கான்கிரீட் நிரப்புவார்கள். அதற்கும் கீழே புதுத் தளம். இரண்டுக்கும் நடுவே 98 அதிர்வுத் தாங்கிகள். கட்டடத்தின் எடை முழுவதும் தாங்கிகளுக்கு மாறியபின், நிலம் நகர்ந்தாலும் மேலே உள்ளது மெதுவாகவே நகரும். கட்டடம் நகர இடம் வேண்டும் என்பதால் சுற்றிலும் இடைவெளி விட வேண்டும். அந்த இடைவெளியில் பின்னாளில் யாராவது படிக்கட்டையோ சுவரையோ இறுக்கிக் கட்டினால் தாங்கி பயனற்றுப்போகும். தண்ணீர், மின்சாரக் குழாய்களுக்கும் வளைந்து கொடுக்கும் இணைப்பு தேவை. பழைய கட்டடத்துக்கு இந்த உத்தியை முன்னோடியாகச் செய்து காட்டியது இதே ஊரின் நகராட்சிக் கட்டடம்தான், 1989இல்.

மறு பிரதிஷ்டைக்குப் பின் ஆலயத்துக்குள் சபை உறுப்பினரில் தகுதிச் சீட்டு பெற்றவர்களுக்கு மட்டுமே அனுமதி. மறு பிரதிஷ்டைக்கு முன் பொதுமக்களுக்காக 2027 ஏப்ரல் முதல் அக்டோபர் வரை திறந்து வைப்பதாக அறிவித்திருக்கிறார்கள். உள்ளே பார்க்க விரும்பினால் அந்த மாதங்களில் போங்கள். மற்றபடி 1867இல் திறந்த டேபர்னக்கிள் மண்டபத்தைப் பாருங்கள். 250 அடி நீளம், 150 அடி அகலம், நடுவில் ஒரு தூண் இல்லை. பாலம் கட்டுபவரான ஹென்ரி க்ரோ மரச் சட்டங்களைப் பின்னிக் கூரையை நிறுத்தினார். மேடையில் ஊசி விழுந்தால் கடைசி வரிசையில் கேட்கும் என்பதைச் செய்தே காட்டுவார்கள். விமான நிலையத்திலிருந்து ட்ராக்ஸ் பச்சைப் பாதை நேரே மையத்துக்கு வரும். மையத்துக்குள் கட்டணம் இல்லாத பகுதியும் உண்டு. ஏப்ரல், அக்டோபர் முதல் வார இறுதிகளில் சபையின் மாநாடு. அந்த நாட்களில் அறை கிடைப்பது கஷ்டம், முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள். ஞாயிறு அன்று மால் இல்லை என்பதால் சாப்பாட்டுக்குத் தெற்கே 200, 300 சவுத் பக்கம் நடந்துவிடுங்கள்.